மிதித்த வேகம்

2025ஆம் ஆண்டு மே 14, புதன்கிழமை, பலெர்மோ நகரின் லிபெர்த்தா வட்டாரத்தில் நாலாம் மாடி வீடொன்றில் வசிக்கும் எண்பது வயதுப் பெண்ணைப் பார்வையிட, மூன்று பேர் கொண்ட மருத்துவக் குழு காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் வரும் என்று பதிவுத் தபாலில் அறிவித்திருந்தார்கள்.

மகள் தொனாத்தெல்லா எட்டரைக்கே வந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே வரவேற்பறைக்குப் போய், அலுமாரியின் மேல் இருந்த இசைத்தட்டு ஓட்டும் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள்.

"எமிலியானோ, இது இண்டைக்கு இஞ்சை இருக்கக்கூடாது."

அவள் பேசியது இத்தாலிய மொழி. பதினாலு வருடப் பழக்கத்தில் எமிலியானுஸின் காதுக்குள் அது யாழ்ப்பாணத்து ஊர்ப் பேச்சாகவே விழும். இந்த வீட்டுக்குத் தாயைப் பராமரிக்கும் வேலைக்கு அவன் வந்து நாலு வருடம். வந்த அன்றே அவன் பெயரின் வாலை அறுத்துவிட்டார்கள். அதை அவன் பெரிதாக எடுப்பதில்லை.

"துணியாலை மூடி வைச்சால் காணாதோ, சின்யோரா?"

"காணாது. அம்மா பெட்டியைக் கண்டால் கேப்பா. கேட்டால் நீர் போடுவீர். போட்டால்..."

போட்டால் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பழைய இங்கிலீஷ் பாட்டு எழும்பினால், தொனாத்தெல்லாவின் தாய் சின்யோரா வித்தோரியா அறுபது வருடங்களை ஒரே எட்டில் தாண்டிப் போய்விடுவார். போன இடத்தில் அவருக்கு வயது இருபது. கண் தெளியும், பேச்சு நேராகும், சில நாட்களில் கதிரைக் கையைப் பிடித்து எழும்பி நிற்கவும் பார்ப்பார். அதிகம் போனால் ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு பழையபடி, கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாத கை. மகளைக் கீழ்வீட்டுப் பெண் என்று நினைக்கும் கண்.

"நான் உம்மைப் பொய் சொல்லச் சொல்லேல்லை," என்றாள் தொனாத்தெல்லா. "ஒரு நாளிலை இருபத்திமூண்டு மணித்தியாலம் அம்மா எப்பிடியோ, அதைத்தான் அவை பாக்கவேணும். மிச்சம் ஒரு மணித்தியாலத்தைப் பாத்திட்டுப் போனால், அதுதான் பொய்."

அவள் சொன்னதில் பிழை இல்லை என்றே எமிலியானுஸுக்குப் பட்டது. ஆனாலும் பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் தூக்க, மறுபக்கத்தை அவன் தூக்கி, இருவரும் அதைப் பின்னறை உடுப்பு அலுமாரிக்குள் கொண்டுபோய் வைத்துக் கதவைச் சாத்தியபோது, யாரையோ ஒளித்து வைப்பதுபோல இருந்தது. திரும்பி வந்து பார்த்தால், பெட்டி இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சதுரம் பளிச்சென்று தெரிந்தது. அவன் ஈரத்துணி எடுத்து அந்த மேற்பரப்பு முழுவதையும் துடைத்தான்.

அன்றைய பரிசோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான். சின்யோராவுக்கு எந்நேரமும் ஓர் ஆள் பக்கத்தில் வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்று குழு எழுதினால் அரசாங்கம் துணையாள் படி கொடுக்கும். அந்தப் படி வந்தால் தொனாத்தெல்லா தாயை வீட்டிலேயே வைத்திருப்பாள். எமிலியானுஸின் அரைநாள் வேலை ஒப்பந்தத்தை முழுநேர ஒப்பந்தமாக மாற்றி எழுதுவாள். வராவிட்டால் தாய் முதியோர் இல்லத்துக்கு. அவளுடைய சம்பளத்தில் வேறு வழி இல்லை; அதை அவள் ஒளிக்காமல் சொல்லியிருந்தாள்.

முழுநேர ஒப்பந்தம் கையில் இருந்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிட எமிலியானுஸ் மனுப்போடலாம். அவன் யாழ்ப்பாணத்துக் குருநகரை விட்டு வெளிக்கிட்டபோது மகள் அனிற்றாவுக்கு நாலு வயது. ஒன்பது வருடம் பேப்பர் இல்லை, பிறகு மூன்று வருடம் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் காத்திருப்பு, பிறகு வருமானம் போதாது என்ற பதில். வரும் நவம்பர் ஒன்பதாம் திகதி அனிற்றாவுக்குப் பதினெட்டு முடிகிறது. முடிந்த பிள்ளையைத் தகப்பனின் மனுவில் சேர்க்க முடியாது. தொழிலாளர் உதவி அலுவலகத்தில் இருந்த பெண் அந்தத் திகதியை ஒரு தாளில் எழுதி, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். தாள் அவன் பேர்சுக்குள் நாலாக மடிந்து கிடந்தது.

ஒன்பதரைக்கு போன் அடித்தது. சுஜீவன். வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் நிற்கிறவன். குருநகரில் இவனுக்குப் பக்கத்து ஒழுங்கை.

"என்ன மச்சான், வந்திட்டாங்களோ?"

"இன்னும் இல்லை."

"வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு நில். உன்ரை வாய் சும்மா இராது. வெங்காயம் உரிச்சாலும் பாட்டு, வெளிக்குப் போனாலும் பாட்டு."

"நீ மிதிச்ச மிதியிலைதான்ரா இப்பவும் பாடுறன்."

"ஓம், சொல்லுவாய். நான் மிதிச்சிராட்டி உனக்கு லண்டன் கிழக்கோ மேற்கோ எண்டும் தெரிஞ்சிராது. வேர்க்க வேர்க்க மிதிச்சது நான், கண்ணை மூடிக்கொண்டு கேட்டது துரை."

"சரி வை. சின்யோரா கூப்பிடுறா."

"டேய், பகிடி இல்லை. பிள்ளையை நினைச்சுக்கொண்டு நில்."

மிதித்த கதை இதுதான். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றிமூன்றில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி வரத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவன் பெடலைக் கையாலோ காலாலோ சுற்ற, மற்றவர்கள் ரேடியோ கேட்பார்கள். சுஜீவனின் மாமா அன்ரனி கப்பலில் வேலை செய்தவர். அவர் விட்டுவிட்டுப் போன கசற் ரெக்கோடரும் ஏழு கசற்றும் சுஜீவன் வீட்டில் இருந்தன. ஏழும் இங்கிலாந்துப் பாட்டுக்காரர்களுடையவை. இன்ன பாட்டுக்காரர் லிவர்பூலா மான்செஸ்டரா என்று இருவரும் அப்போது தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை. வெளியே ஷெல் விழுந்த நாட்களிலும் உள்ளே சைக்கிள் சுற்றியது. பாட்டு நின்றுவிடுமோ என்ற பயத்தில் சுஜீவன் எப்போதும் தேவைக்கு மேலே மிதித்தான். அவன் மிதித்த வேகத்தில் கசற் ஓடியது. பாட்டுக்காரர்களின் குரல் மெலிந்து, மேளம் துள்ளி, அழுகைப் பாட்டும் கலியாண வீட்டுப் பாட்டுப்போலக் கேட்டது. எமிலியானுஸுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. அந்தப் பாட்டுகளை வேறெப்படியும் அவன் கேட்டதில்லை. அதுதான் பாட்டு என்று நினைத்திருந்தான்.

நாலு வருடத்துக்கு முன் இந்த வீட்டில் சின்யோரா முதன்முதலாக ஒரு இசைத்தட்டைப் போட்டபோது அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவனுக்குத் தெரிந்த பாட்டு. ரயில் நிலையத்தில் ஒருத்தி வராமல் போனவனுக்காகக் காத்திருக்கும் பாட்டு. ஆனால் குரல் இழுபட்டுக்கொண்டு, சாகக் கிடப்பதுபோல வந்தது. பெட்டிக்குத்தான் வருத்தம் என்று முடிவுகட்டி, அரைநாள் செலவழித்து அதைக் கழற்றி, றப்பர் பட்டியை மாற்றி, எண்ணெய் விட்டான். திரும்பவும் அதே இழுவை. இரண்டாவது தடவை திருகாணியைக் கையில் எடுத்தபோதுதான் பிழை பெட்டியில் இல்லை என்று விளங்கியது. அதை யாருக்கும் சொல்ல வெட்கமாக இருந்தது.

சின்யோராவுக்கு மட்டும் இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு மழை நாள் சொன்னான். "ஏன் நீ எல்லாத்தையும் அவசரமாப் பாடுறாய்?" என்று அவர் கேட்டதற்குப் பதிலாகச் சைக்கிளையும் டைனமோவையும் கையால் சுற்றிக் காட்டினான். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அந்த நாட்களில் காலையில் சாப்பிட்டதே அவருக்கு மத்தியானம் ஞாபகமில்லை. காற்றுக்குச் சொன்ன கதை என்று அவன் விட்டுவிட்டான்.

பத்தரைக்குச் சின்யோராவைச் சக்கர நாற்காலியில் வரவேற்பறைக்குத் தள்ளி வந்தான். அவர் அலுமாரியின் மேற்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எங்கை?"

"என்ன, சின்யோரா?"

"எங்கை?"

"திருத்தக் குடுத்திருக்கு," என்றான். நாலு வருடத்தில் அவருக்குச் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம்.

அவர் கைகள் மடியில் இருந்த துவாயை முறுக்கத் தொடங்கின. பதினொன்று ஆனது. பதினொன்றேகால் ஆனது. தொனாத்தெல்லா ஜன்னலடியில் நின்று தெருவைப் பார்த்தாள். கீழே யாரோ காரில் பாட்டுப் போட்டபோது பாய்ந்து போய் ஜன்னலை அடித்துச் சாத்தினாள். எமிலியானுஸ் பற்களை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தான். நெஞ்சு படபடக்கும்போதெல்லாம் அவனுக்குத் தொண்டைக்குள் தன்பாட்டில் ஒரு ராகம் ஏறும். அதை விழுங்கி விழுங்கி நின்றான்.

பதினொன்று இருபதுக்கு மணி அடித்தது.

வந்தவர்கள் மூவர். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஒரு டாக்டர் அம்மா, இளவயது டாக்டர் ஒருவர், சமூக சேவைப் பெண் ஒருத்தி. எழுதியது அவள்தான், மடியில் கணினியை வைத்துக்கொண்டாள். டாக்டர் அம்மா கதிரையை இழுத்துச் சின்யோராவுக்கு எதிரே போட்டு, குரலைத் தணித்துக் கேட்டார்.

"சின்யோரா, இது எந்த வருசம்?"

சின்யோரா துவாயை இன்னும் முறுக்கினார்.

"நீங்கள் இப்ப எங்கை இருக்கிறியள்?"

"அடுப்படியிலை வேலை கிடக்கு," என்றார் சின்யோரா.

"இந்த நிக்கிறவ ஆர்?"

சின்யோரா தொனாத்தெல்லாவை மேலும் கீழும் பார்த்தார். "கீழ்வீட்டுப் பெண். அவவைப் போகச் சொல்லுங்கோ, என்னட்டை ஒண்டும் இல்லை."

தொனாத்தெல்லா கண்ணை மூடித் திறந்தாள். சமூக சேவைப் பெண்ணின் விரல்கள் விசைகளில் ஓடின. எல்லாம் நடக்கவேண்டியபடி நடக்கிறது என்று எமிலியானுஸ் நினைத்தான்.

"எழும்பி நிக்கிறியளோ?"

அவர் எழும்பவில்லை. இளைய டாக்டர் உதவிக்கு வந்து கையைப் பிடித்தார். அவ்வளவுதான். சின்யோரா வீரிட்டார்.

லண்டனில் ஒரு பணக்கார வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலையில் இரண்டு வருடம் இருந்தவர் அவர், இருபது வயதில். வியாழக்கிழமைப் பின்னேரம் மட்டும் லீவு. அந்தப் பின்னேரங்களில் ஆடிய பாட்டுகளின் இசைத்தட்டுகளைத்தான், ஊர் திரும்பும்போது, உடுப்பைக் குறைத்துக்கொண்டு சூட்கேசுக்குள் அடுக்கி வந்திருந்தார். அந்த வீட்டு எசமானி ஒருநாள் அவரைக் கையில் பிடித்து இழுத்துப் போய், களவு போனதாகச் சொன்ன மோதிரத்துக்காகப் சூட்கேசைக் கொட்டிச் சோதித்தவள். மோதிரம் பிறகு குளியலறையில் கிடைத்தது. இதை நல்லாக இருந்த காலத்தில் அவரே எமிலியானுஸுக்குச் சொல்லியிருந்தார்.

"நான் எடுக்கேல்லை!" என்று இங்கிலீஷில் கத்தினார் சின்யோரா. "சூட்கேசைப் பாருங்கோ, நான் எடுக்கேல்லை!" மணிக்கட்டைத் தானே நகத்தால் கீறினார். மூச்சு மேல்மூச்சாகி, உதடு வெளுத்தது. இளைய டாக்டர் கையை விட்டுப் பின்னால் போனார்.

"அடிக்கடி இப்பிடி வருமோ?" என்று டாக்டர் அம்மா கேட்டார்.

"ஒவ்வொரு நாளும்," என்றாள் தொனாத்தெல்லா. அது பொய் இல்லை.

"வந்தால் என்ன செய்வியள்? எதாலை அடங்கும்?"

"ஒண்டாலையும் அடங்காது, டொத்தொரெஸ்ஸா."

சொல்லிவிட்டு அவள் எமிலியானுஸைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். சின்யோராதான் அவனைப் பார்த்தார். கீறின இடத்தில் இரத்தம் பொட்டாக நின்றது. அவன் பேர்சுக்குள் இருக்கும் தாளை நினைத்தான். சிவப்பு வட்டத்தை நினைத்தான். அனிற்றாவின் முகத்தைக் கொண்டுவரப் பார்த்தான். போன் திரையில் கண்ட முகம்தான் வந்தது. பத்து வரை எண்ணினால் அவர்கள் எழுதி முடித்துவிடுவார்கள் என்று நினைத்து எண்ணத் தொடங்கினான். ஆறில் சின்யோராவின் நகம் மறுபடி மணிக்கட்டுக்குப் போனது.

அவன் முழந்தாளிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து, பாடத் தொடங்கினான்.

ரயில் நிலையப் பாட்டு. பயத்தில் அது சுஜீவன் மிதித்ததைவிட வேகமாக வந்தது. சொல்லெல்லாம் ஒன்றோடொன்று முட்டி விழுந்தன.

சின்யோராவின் கத்தல் நின்றது. மூச்சு இறங்கியது. நெற்றி சுருங்கியது. அவன் பாடுவதைக் கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தார், பிறகு பொறுக்கவில்லை.

"மெதுவாடா," என்றார். "மெதுவா. ரயில் இப்ப போகாது."

கையை உருவி எடுத்து, இரண்டு விரலால் அவன் புறங்கையில் தட்டித் தாளம் போட்டார். அவன் வேகம் குறைத்தான். இன்னும் தட்டினார். இன்னும் குறைத்தான். இரண்டாவது அடியை அவரே எடுத்துப் பாடினார், உச்சரிப்புச் சுத்தமாக, ஒரு சொல் தவறாமல். பாடிக்கொண்டே நாற்காலிக் கையைப் பிடித்து எழும்பினார். எமிலியானுஸ் பின்னால் நகர, அவர் அவனைத் தொடாமல் முன்னால் வந்தார். இடதுகால், வலதுகால், ஒரு சின்னச் சுழற்சி. ஆறு எட்டு வைத்தார்.

டாக்டர் அம்மா எழும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"நல்லாப் பாடுறியள், சின்யோரா. இது எப்பத்தைய பாட்டு?"

"அறுபத்தைஞ்சு. வியாழக்கிழமையள்ளை போடுவினம்."

"இப்ப எந்த வருசம்?"

சின்யோரா யோசித்தார். "அது கனகாலம். என்ரை மனுசன் செத்துப்போனார். எனக்கு எண்பது எண்டு சொல்லுகினம்."

"இவர் ஆர்?"

"இவன் எமிலியானோ." சின்யோரா அவன் தோளில் தட்டினார். "எல்லாத்தையும் அவசரமாத்தான் பாடுவான். பிழை அவன்ரை இல்லை. அவன்ரை ஊரிலை சண்டை. கரண்ட் இல்லை. ஒருத்தன் சைக்கிள் மிதிக்கவேணும், அப்பத்தான் பாட்டு வரும். மிதிச்சவனுக்குப் பயம், அதாலை வேகம்." கையால் பெடலைச் சுற்றிக் காட்டினார், பெப்ரவரியில் அவன் காட்டிய மாதிரியே.

"இதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"இவன்தான். மழை பெஞ்ச அண்டைக்கு."

டாக்டர் அம்மா எமிலியானுஸைப் பார்த்தார். "எப்ப சொன்னனீர்?"

தொனாத்தெல்லா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'போன வருடம்', 'நாலு வருடத்துக்கு முன்' என்று எதையும் அவன் சொல்லியிருக்கலாம்.

"பெப்ரவரியிலை," என்றான்.

சமூக சேவைப் பெண் எழுதினாள்.

அவர்கள் போக மேலும் பத்து நிமிடம் எடுத்தது. டாக்டர் அம்மா வாசலில் நின்று, பாட்டு ஞாபகம் கடைசிவரை நிற்கும், அதை வைத்து மட்டும் ஒன்றும் முடிவெடுப்பதில்லை என்றார். ஆனால் துணையில்லாமல் நடந்ததையும், மூன்று மாதத்துக்கு முன் கேட்டதைத் திருப்பிச் சொன்னதையும் தான் கண்டபடி எழுதத்தான் வேண்டும் என்றும் சொன்னார். லிஃப்ட் கீழே போகும் சத்தம் கேட்டது.

தொனாத்தெல்லா கதவைச் சாத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான்.

"எனக்கு ஒருநாளும் அம்மா அந்தப் பாட்டைப் படிப்பிக்கேல்லை," என்றாள். பிறகு, "உம்மடை மகளை நீர் யோசிக்கேல்லையோ?"

"யோசிச்சனான், சின்யோரா."

உள்ளே இருந்து சின்யோரா வித்தோரியா கேட்டார்: "எங்கை?"

எமிலியானுஸ் பின்னறைக்குப் போய், அலுமாரியைத் திறந்து, பெட்டியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தான்.

பின்னேரம் சுஜீவன் போன் எடுத்தபோது எமிலியானுஸ் நடந்ததைச் சொன்னான்.

"நான் கொஞ்சம் ஆறுதலா மிதிச்சிருக்கலாம், மச்சான்," என்றான் சுஜீவன்.

"விசரா, வேலையைப் பார்."

ஜூலை 2ஆம் திகதி கடிதம் வந்தது. துணையாள் படி மறுக்கப்பட்டிருந்தது. எமிலியானுஸின் ஒப்பந்தம் ஜூலை 31 உடன் முடிந்தது. ஆகஸ்ட் 4ஆம் திகதி சின்யோரா வித்தோரியா நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். இசைத்தட்டுப் பெட்டியை அங்கே அனுமதிக்கவில்லை. எமிலியானுஸ் செப்டம்பரில் கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கணவாய் துப்புரவாக்கும் வேலைக்குச் சேர்ந்தான். முழுநேர ஒப்பந்தம் நவம்பர் 24ஆம் திகதி கிடைத்தது. டிசம்பர் 3ஆம் திகதி அவன் குடும்ப இணைப்பு மனுவைக் கொடுத்தான். மனுவில் மனைவி அமலினியின் பெயர் மட்டும் இருந்தது.